மூன்றாவது குழந்தை செய்த பாவம் யாது?

வளையமாதேவியில் நாற்று நடும் பெண்களைக் காணுந்தோறும் எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. சர்க்கார் செய்யும் நன்மை, அது மிகவும் தேவைப்படுவோரைச் சென்று அடைகிறதா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் நடைபெறும் மகப்பேறு உதவித் திட்டம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஏழைக் கர்ப்பிணிக்கு ரூ. 14,000 ரொக்கமும், ரூ. 4,000 பெறுமான ஊட்டப் பொருள்களும் கிடைக்கின்றன. உடல் தேறும்வரை அவள் கூலிக்குப் போகாதிருக்கலாம். ஆனால் நிபந்தனைகள் இரண்டு: தாய்க்கு 19 வயது நிரம்பியிருத்தல் வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கே உதவி உண்டு.

இளமணத்தையும் பெருங் குடும்பத்தையும் தடுப்பதே உத்தேசம் என்பர். நன்று, அம்மையாரும் இளமணத்தை எதிர்த்துப் போராடியவரே. ஆயினும், பெண் 18 வயதில் மணம் புரியச் சட்டம் இடந்தருகிறது. அவ்வாண்டே அவள் தாயானால் உதவி இல்லை! கல்யாண நாளைக் குறித்தவர் பெற்றோர். பட்டினி கிடப்பவளோ அவள். மிக இளம் தாய்மார்க்கும், பல பிள்ளை பெற்றவர்க்குமே பிரசவ அபாயம் அதிகம் என்பதை மருத்துவர் அறிவர்.

2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, சர்க்கார் உத்தியோகஸ்தர் போன்றோர் நீங்கலாக, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ரூ. 6,000-க்குக் குறையாத உதவி என்கிறது. அப்பிரிவில் வயதும் இல்லை, பிள்ளைக் கணக்கும் இல்லை.

வகுப்பில் பின்தங்கிய மாணவனிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கும் உபாத்தியாயர் உண்டோ? திட்டத்தை மதிப்பிடுவோர், உதவி பெற்றவர் தொகையோடு, பெறாது திரும்பியவர் தொகையையும் எண்ணிப் பார்ப்பாராக.