வரி வாங்கும் நூலகம் எழுத்தும் கற்பிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பைத் தன்னார்வலர் வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டு, அதே ஊரில் மக்கள் பணத்தில் கட்டிய நூலகத்தைப் பூட்டிப் போட்டிருக்கும் நிலையைக் கண்டித்து எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தில் பாடம் நடத்தியவள். இப்போது சிதம்பரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் மறுபடியும் சிலேட்டும் சாக்பீசுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

2022 முதல் 2027 வரையிலான இந்தத் திட்டம், 15 வயதுக்கு மேற்பட்ட 5 கோடிப் பேருக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுக்க வந்தது. ஒதுக்கிய தொகை 1,037.90 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு 208 ரூபாய்கூட வராது, அதுவும் ஐந்தாண்டுக்குச் சேர்த்து. கற்பிப்பவர்களுக்கு மதிப்பூதியம் கிடையாது. கடமை உணர்வோடு செய்ய வேண்டும் என்பது திட்டத்தின் கொள்கை. செய்கிறோம். எங்களைப் போல ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் செய்யலாம். ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் பாடம் நடத்துகிறவர்களில் பலர், படித்து முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள். நோட்டு, சாக்பீஸ், கொசுவர்த்திச் சுருள் வரைக்கும் அவர்கள் கைக்காசு. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தார்கள். அது பெரிய தொகை இல்லை என்றாலும், உன் உழைப்பைப் பார்க்கிறோம் என்று அரசு சொன்னதாக அந்தப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே பெண், அதே தெருவில், அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் இலவசமா?

வகுப்புக்கு யார் வருகிறார்கள் என்பதை மேலே இருப்பவர்கள் ஒரு நாள் மாலை வந்து பார்க்க வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு, நூறு நாள் வேலை முடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வருகிறவர்கள். ஏழு மணிக்கு முன்னால் யாராலும் வர முடியாது. பள்ளிக்கூடத்தில் நடத்துங்கள் என்கிறார்கள். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கும்? குழந்தைகளுக்கான பெஞ்சில் ஐம்பது வயதுப் பெண்ணால் எத்தனை நேரம் உட்கார முடியும்? சம்பா நடவு தொடங்கினால் வகுப்பு பாதியாகக் குறையும், அறுவடைக்கு அதிலும் பாதி. அதற்கேற்ப நாட்களை நகர்த்த எங்களுக்கு அதிகாரம் இல்லை, ஏனென்றால் தேர்வுத் தேதி மேலிருந்து வருகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வகுப்பை விட்டு நிற்கிறவர்களில் பலருக்கு மூளை மந்தமும் இல்லை, மனமில்லாமலும் இல்லை. கண்தான் தெரியவில்லை. நாற்பதைத் தாண்டினாலே வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. மங்கலான விளக்கில், கொடுத்த புத்தகத்தின் எழுத்தை ஒரு கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, 'எனக்கு ஏறாது டீச்சர்' என்று எழுந்து போகிறார்கள். ஒரு மலிவான படிக்கும் கண்ணாடி இருந்தால் அவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கற்போர் மையம் ஒவ்வொன்றிலும் முதல் வாரமே கண் பரிசோதனை நடக்க வேண்டும் என்பது ஏன் திட்டம் போடுகிறவர்களுக்குத் தோன்றவில்லை?

இத்தனையையும் கடந்து 200 மணி நேரம் படித்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு என மூன்று பகுதியாகத் தேர்வு எழுதித் தேறுகிறார்கள். சான்றிதழ் வருகிறது. அத்துடன் வகுப்பும் நின்றுவிடுகிறது. படிக்கக் கற்றுக்கொண்ட பெண்ணின் வீட்டில் மளிகைக் காகிதம் தவிர அச்சடித்த எழுத்து இருக்காது. ஒரு வருடம் போனால் உயிர்மெய் மறக்கத் தொடங்கும். இரண்டு வருடத்தில் கையெழுத்து மட்டும் மிஞ்சும். அறிவொளிக்குப் பிறகு இதைத்தான் கண்ணால் பார்த்தேன். தெருத்தெருவாகப் பாட்டும் நாடகமும் போட்டுச் சேர்த்த கூட்டம், பின்தொடர வந்த வளர்கல்வி மையங்கள் நலிந்து, 2009இல் தேசிய அளவில் திட்டமே மாறியபோது கைவிடப்பட்டது. அன்று என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று மறுபடியும் என் வகுப்பில் 'அ'விலிருந்து தொடங்குகிறார்கள். கணக்கில் அவர்கள் அன்றே எழுத்தறிவு பெற்றவர்கள்.

மறுபடியும் அதே கணக்குதான் நடக்குமோ என்று அஞ்சுகிறேன். எழுத்தறிவு 95 விழுக்காட்டை எட்டினால் முழு எழுத்தறிவு பெற்றதாகக் கொள்ளலாம் என்று 2024இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வரையறுத்தது. லடாக், மிசோரம், கோவா, திரிபுரா அறிவித்துவிட்டன. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பெண்களுக்கு 73.44. கடலூர் மாவட்டம் மாநில சராசரிக்கும் கீழே. நாமும் ஒருநாள் அறிவிக்கத்தான் போகிறோம். அதற்கு முன் அந்த மனிதர்கள் படிப்பதற்கு என்ன கொடுக்கப் போகிறோம் என்று யாராவது சொல்லட்டும்.

கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948இல். அதற்காகப் பாடுபட்ட எஸ். ஆர். ரங்கநாதன், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சீர்காழியில் பிறந்தவர். நூல்கள் பயன்படுவதற்கே என்பது 1931இல் அவர் வகுத்த முதல் விதி. அதே ஆண்டில்தான் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். இன்று நாம் செலுத்தும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. கூரை வீட்டுக்காரி, ரேகை வைத்து ரசீது வாங்கும் கிழவி, எல்லாரும் செலுத்துகிறார்கள். அவள் பணத்தில் நடக்கும் நூலகத்தில் அவளுக்கென்று ஒரு பக்கமும் இல்லை.

2006 முதல் 2011 வரை அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. அவற்றில் எத்தனை இன்று திறந்திருக்கின்றன என்று வாசகர்கள் தங்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் கதவு துருப்பிடித்துக் கிடக்கிறது. உள்ளே அலமாரி, மேசை, மின்விசிறி எல்லாம் இருக்கின்றன. நாங்கள் வெளியே திண்ணையில், தெருவிளக்கு வெளிச்சத்தில் பாடம் நடத்துகிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

நகரத்து நூலகங்களின் கதை வேறு. கடலூர் மாவட்ட மைய நூலகம் போன்ற இடங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளால் நிறைந்திருக்கின்றன. நல்லது, அவர்கள் படிக்கட்டும். ஆனால் தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் மீன் விற்கும் பெண்கள் விடியற்காலை ஏலத்தில் மனக்கணக்காகப் போடும் கூட்டலும் கழித்தலும் நமக்கு வராது. கணக்கு தெரிந்தவர்கள் எழுத்து இல்லாமல் நிற்கிறார்கள். மதியத்துக்கு மேல் ஓய்வாக இருக்கும் அவர்களுக்கு அந்த நூலகங்களில் ஒரு மேசை ஒதுக்க முடியாதா? பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்கள், கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் குடும்பங்கள், சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தைக்கூட வேறொருவர் கையால் எழுத வேண்டியிருக்கிறவர்கள். இவர்களைத் தேடி நூலகம் போக வேண்டும்.

எல்லாருக்கும் கல்வியைத் திறந்துவிடுவது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. வடலூரில் வள்ளலார் சிறுவர் முதல் முதியவர் வரை எல்லாருக்கும் பாடம் சொல்லும் சாலை கண்டார், திருக்குறள் வகுப்பு நடத்தச் செய்தார் என்று அவர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா, கோயிலுக்குள்ளேயே விடப்படாத மக்களின் பிள்ளைகளுக்காக 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அப்படிப்பட்ட ஊரில் நூலகக் கதவைத் திறக்கச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

நூலகங்கள் எழுத்தும் கற்பிக்க முடியும் என்பதற்கு வெளியிலும் எடுத்துக்காட்டு உண்டு. கேரளத்தில் பி. என். பணிக்கர் கட்டி வளர்த்த கிரந்தசாலா சங்கம் ஊர் நூலகங்களை எழுத்தறிவு வேலைக்குள் கொண்டுவந்தது. 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது அதற்குக் கிடைத்தது. 1991இல் கோழிக்கோட்டில் முழு எழுத்தறிவு அறிவித்தபோது, அதை மேடையில் வாசித்தவர் வயதான காலத்தில் படித்த சேலக்கோடன் ஆயிஷா. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1984 முதல் பொது நூலகங்கள் வழியாகவும் வயது வந்தோருக்குப் படிப்புச் சொல்லித் தருகிறது. அங்கும் தன்னார்வலர்கள்தான் கற்பிக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மாணவரோடு இணைத்து, தொடர்ந்து பார்த்துக்கொள்ள நூலகத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர் இருக்கிறார். கடமை உணர்வை மட்டும் நம்பி யாரும் நடத்தவில்லை.

ஆகவே மாவட்ட ஆட்சியரையும், மாவட்ட நூலக ஆணைக்குழுவையும், பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககத்தையும் கேட்டுக்கொள்கிறேன். பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகங்களை மாலை ஏழு முதல் ஒன்பது வரை திறந்து, கற்போர் மையமாக்குங்கள். சாவியைப் பொறுப்பான தன்னார்வலரிடம் கொடுங்கள். மாதம் 1,000 ரூபாயாவது அவருக்குக் கொடுங்கள். பெரிய எழுத்தில், பெரியவர்கள் படிக்கிற மாதிரி, சின்னச் சின்னப் புத்தகங்களை ஓர் அலமாரியில் வையுங்கள். முயல் கதையும் கிளிக் கதையும் வேண்டாம். ரேஷன், பட்டா, மாத்திரை அட்டை, வங்கிப் புத்தகம், ஊர்க் கதை, சினிமா இருக்கட்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியிலும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். முகாம் போட்டு மரம் நடுவதோடு ஒருவர் ஒருவரைப் படிக்க வைக்கும் பொறுப்பையும் அவர்களுக்குத் தாருங்கள். தேர்வில் தேறியவருக்குச் சான்றிதழோடு நூலக உறுப்பினர் அட்டையும் கையில் வந்து சேரட்டும். கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபை கூடும்போது உங்கள் ஊர் நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். மாலையில் அதைத் திறந்து வகுப்பு நடத்தத் தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும் ரேகை வைப்பவர்களுமாகச் சேர்ந்து பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம்.