“வயசாயிடுச்சு, போயிட்டாரு”ன்னு இனியும் விட்டுவிட முடியாது



கருவடிக்குப்பம்னு சொன்னா பாண்டியில் பல பேருக்கு முதலில் ஞாபகம் வருவது சுடுகாடுதான். (பாரதியின் குயில் தோப்பும் இங்கேதான் இருக்கு, அது அப்புறம்தான் ஞாபகம் வரும்.) அந்த வாசலில் நின்று “பெரியவருக்கு என்ன ஆச்சு?”ன்னு கேட்டால் வரும் பதில் நமக்குத் தெரியும். “வயசாயிடுச்சு.” முதியோர் இல்லத்திலிருந்து வந்தவர் என்றால் அதற்கு மேல் யாரும் கேட்பதே இல்லை.

பல நேரம் உண்மையான காரணம் தொற்று. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, சீழ் பிடித்த படுக்கைப்புண். வயதானவர்களுக்கு இது வந்தால் காய்ச்சல்கூட அடிக்காமல் இருக்கலாம். திடீர்னு குழம்பிப் பேசுவாங்க, சாப்பாட்டை ஒதுக்குவாங்க, எழுந்திருக்க மாட்டாங்க. அதையும் வயசு கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இதைத் தடுக்க கோடிக்கணக்கில் செலவாகும்னு நினைக்காதீங்க. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் ஓர் ஆய்வு செய்தார்கள். 1999-ல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் பிறகு பல் துலக்கி, வாயைச் சுத்தம் செய்துவிட்டார்கள். கவனிக்காத பிரிவில் 100-க்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது, கவனித்த பிரிவில் 11 பேருக்கு. ஒரு டூத் பிரஷ் செய்த வேலை இது!

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 28 இல்லங்களில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. பாதி இல்லங்களில் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் குளிப்பாட்டி, மூக்கில் போவிடோன் அயோடின் தடவினார்கள். நம்ம வீட்டில் காயத்துக்குப் போடுற பெட்டாடின் மருந்து அதுதான். அந்த இல்லங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்களில் தொற்றால் போனவர்கள் 62.9 சதவீதத்திலிருந்து 52.2 சதவீதமாகக் குறைந்தார்கள். வழக்கம்போல் நடந்த மற்ற இல்லங்களில் மாற்றமே இல்லை.

மருந்து மலிவுதான். ஆனா தினமும் செய்ய ஆள் வேணும். ராத்திரி முழுக்க ஒரே ஒரு அக்கா மட்டும் டியூட்டி பார்த்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யார் யாரைப் புரட்டிப் படுக்க வைப்பது? ஒருவருக்குச் சிரங்கு வந்தால் அந்த இல்லத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போடணும், துணி, போர்வை எல்லாம் வெந்நீரில் துவைக்கணும். அந்த அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குப் பயிற்சியும் கையுறையும் கூட ஒரு ஆளும் கொடுக்காதவர்களைத்தான் கேட்கணும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்தாச்சு. பிரிவு 19, இல்லங்களுக்கான தரத்தையும் மருத்துவ வசதியையும் மாநில அரசு வகுக்கலாம் என்கிறது. ‘லாம்’ என்ற அந்த இரண்டு எழுத்துச் சந்தில்தான் எத்தனை அரசுகள் ஒளிஞ்சுக்குது! பிரிவு 20-ல் அந்தச் சந்தும் கிடையாது. முதியோர் நோய்கள் பற்றிய ஆராய்ச்சி விரிவடைவதை அரசு உறுதி செய்தே ஆகணும்.

கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கு. அது மத்திய அரசுடையதுன்னு கைவிரிப்பாங்க. சரி, கதிர்காமத்து இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி யாருடையது? புதுச்சேரி அரசுடையதுதானே? ஜப்பானில் பிரஷ்ஷை வைத்துச் செய்த ஆய்வை நம்ம ஊர் இல்லங்களில் செய்ய என்ன தடை? மாதம் ஒருமுறை டாக்டர் வருகை, ஃப்ளூ தடுப்பூசி, இரவுப் பணிக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் என்ற விதி. இவற்றை அரசாணையாகப் போடச் சொல்லி வலியுறுத்துகிறோம்.

நீங்களும் ஒண்ணு செய்யலாம். உங்க தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் இல்லத்துக்குப் பிறந்தநாள் சாப்பாடு கொடுக்கப் போறப்போ, ராத்திரி எத்தனை பேர் இருக்காங்க, தடுப்பூசி போட்டாச்சான்னு மரியாதையா கேளுங்க. இல்லைன்னு பதில் வந்தா, அந்தப் பெரியவங்களைப் படம் எடுத்துப் போடாம, பகுதிப் பொறுப்பாளர்கிட்ட சொல்லுங்க. மனுவா எழுதி நாம கொண்டு போவோம்.

#முதியோர்_உயிரும்_உயிரே #புதுச்சேரி