உண்பது வேறு, மூச்சில் ஏற்பது வேறு

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது வெள்ளை உள்ளத்துக்கு அழகாக இருக்கலாம். கல்லூரியில் பயிலும் நமக்கு அழகாகாது. "சமையலில் சேர்க்கும் பொருள்தானே, பாத்திரத்தில் உள்ள உலோகந்தானே, இதனால் என்ன கெடுதல் வந்துவிடும்?" என்ற வாதத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம். மின் சிகரெட்டைத் தம் கையாலேயே அமைத்துக்கொள்ளும் மேலைநாட்டு ஆர்வலர் பலரும் இந்த வாதத்தையே நம்பியிருக்கின்றனர். அது எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்போம்.

2003ஆம் ஆண்டு ஹான் லிக் என்னும் சீன மருந்தாளுநர் வடித்த கருவியிலிருந்து வளர்ந்ததே இன்றைய மின் சிகரெட். அதன் உயிர்நாடி ஆவியாக்கி என்னும் சிறு பகுதி. அகல்விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, இதன் திரி நிகோடின் கலந்த திரவத்தை உறிஞ்சுகிறது. திரியைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் பேட்டரியால் சூடேறித் திரவத்தை ஆவியாக்குகிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தச் சுருளை வீட்டிலேயே சுற்றிக்கொள்வோர் உண்டு.

அவர்கள் முன் நிற்கும் கேள்வி, எந்தப் பொருள் தீங்கற்றது என்பதே. நிக்ரோம் கம்பியில் பெரும்பங்கு நிக்கல்; எஞ்சியது குரோமியம். மின்னடுப்பில் அது நல்ல கம்பிதான். ஆனால் அடுப்புக் கம்பியின் மேல் வீசும் காற்றை நாம் வாய் வைத்து உறிஞ்சுவதில்லையே! சுருளின் முனைகளை இணைக்கச் சாதாரணப் பற்றாசை எடுத்தால் ஆபத்து இன்னும் பெரிது. பழைய வகைப் பற்றாசில் வெள்ளீயம் 60 பங்கு, காரீயம் 40 பங்கு. ஏறக்குறைய 190 பாகை செல்சியசில் அது முழுதும் உருகிவிடும். சுருளின் வெப்பமோ அதையும் தாண்டக்கூடியது. பி.வி.சி. உறையிட்ட கம்பியைச் சூடாக்கினால் நச்சு வாயு வெளிப்படும். கண்ணாடி இழையைத் திரியாக்கினால் நுண்துகள் உதிரும். பஞ்சுத் திரி மேலானது என்பர். அதுவும் திரவம் வற்றினால் கருகும்.

2018இல் வெளிவந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு நம் சிந்தனைக்கு உரியது. 56 பேரின் கருவிகளை அவர்கள் சோதித்தனர். புட்டியில் இருந்த திரவத்தைவிட, சுருளைக் கடந்து வந்த ஆவியில் காரீயத்தின் அளவு 25 மடங்குக்கும் மேலாக இருந்தது. சுருளும் அதனைச் சார்ந்த உலோகப் பகுதிகளுமே ஐயத்துக்கு இடமாயின.

திரவத்தின் கதையும் இதுவே. வெண்ணெய் மணம் தரும் டைஅசெட்டைல் உண்ணத் தகுந்தது. ஆனால் 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் சோளப்பொரி ஆலையில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தீராத நுரையீரல் நோய் கண்டது தெரியவந்தது. வைட்டமின் ஈ அசிடேட்டும் அத்தகையதே. 2019இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்புக்கு, கஞ்சாச் சத்துடன் அதைக் கலந்து ஆவியாக்கியதே முதன்மையான காரணமாகக் கண்டறியப்பட்டது. 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் மாண்டனர்.

வயிற்றில் அமிலம் உண்டு. கல்லீரல் என்னும் காவலனும் உண்டு. நுரையீரலின் மெல்லிய சவ்வுக்கு அப்படிப்பட்ட அரண் ஏது? ஆகவே, "தீங்கற்றதா?" என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. "எதற்கு, எந்த வழியில், எந்த வெப்பத்தில் தீங்கற்றது?" என்பதே முழுக் கேள்வி.

சிகரெட்டைவிட மின் சிகரெட்டில் தீமை 95 விழுக்காடு குறைவு என இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015இல் மதிப்பிட்டதே என்று சிலர் வாதிடலாம். அது ஏற்கெனவே புகைப்பவருக்குச் சொன்ன ஒப்பீடு. புகைக்காத இளைஞனுக்கு வழங்கிய நற்சான்று அன்று. கிணற்றின் ஆழம் குறைவு என்பதற்காக அதில் குதிப்பார் உண்டோ?

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றைத் தடை செய்துள்ளது. சட்டத்துக்கு அஞ்சி விலகுவது ஒரு வகை. அறிந்து விலகுவது மற்றொரு வகை. பின்னதே கற்றவர்க்குப் பெருமை.

நண்பர்களே! பொருள்களைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆர்வலர்களின் ஊக்கத்தை நான் இகழவில்லை. அந்த ஊக்கம் ஆய்வுக்கூடத்தில் மலரட்டும். அங்கே சோதனைக்கு உள்ளாவது கம்பியாக இருக்கட்டும். நம் நுரையீரலாக இருக்க வேண்டாம்.