போன் பிள்ளை கையில், பொறுப்பு யார் கையில்?

நடவுக்கு விடியற்காலையில் புறப்படும் பாகூர்த் தாயிடம் போய், "அம்மா, உங்கள் மகள் போனில் பாடம் படிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்துக் கொள்ளுங்கள்" என்று சொன்னால் அவர் என்ன கேட்பார்? அன்றைக்குக் கூலியை யார் தருவார்கள் என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டு, ஆன்லைன் வகுப்பு என்ற ஏற்பாடு வந்த நாள் முதல், அதிகாரிகளின் உபதேசம் பெரும்பாலும் இந்த ஒன்றையே சுற்றி வந்தது: பெற்றோர் பார்த்துக் கொள்ள வேண்டும்! உபதேசத்துக்கு என்ன செலவு?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் அந்த ஏற்பாடு எப்படி நடந்தது? ஏழை வீட்டில் ஒரே போன். அதுவும் சேதராப்பட்டுக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ கம்பெனி வேலைக்குப் போகும் தகப்பனாரின் சட்டைப் பையில். அவர் இரவு திரும்பிய பிறகுதான் பிள்ளைகளுக்குப் பாடம். பாடம் வந்தது வாட்ஸ்அப் குழுவில். அந்தக் குழுவில் ஒருவர் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால், பதிமூன்று வயதுப் பெண் பேசும் போனின் நம்பர் நாற்பது வீடுகளின் அண்ணன், மாமன், சித்தப்பன் அனைவர் கைக்கும் போய்ச் சேருகிறது. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்களா?

அந்த நம்பருக்குத் தகாத செய்தி ஒன்று வருகிறது என்று வையுங்கள். பெண் வீட்டில் சொல்ல மாட்டாள். சொன்னால் முதலில் போன் பறிபோகும். போன் போனால் படிப்பு போகும். படிப்பு நின்றால் அடுத்து மாப்பிள்ளைப் பேச்சு. இது அவளுக்குத் தெரியும். ஆகவே வாயை மூடிக் கொள்கிறாள். தொல்லை கொடுப்பவனுக்கும் இது தெரியும். அவனுக்குப் பெரிய பாதுகாப்பே இந்த மௌனந்தான். "பிள்ளையிடமிருந்து போனை வாங்கி வையுங்கள்" என்று யோசனை சொல்லுகிறவர்கள் அறியாமலே அவனுக்கு உதவி செய்கிறார்கள்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தப்பினார்களா? சென்னை கே.கே. நகர் பத்ம சேஷாத்ரி பள்ளி விவகாரம் 2021 மே மாதத்தில் வெடித்தது. ஆன்லைன் வகுப்பில் தகாத முறையில் நடந்ததாகப் புகார் எழுந்து, ஆசிரியர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். மாணவிகள் சமூக வலைத்தளத்தில் பகிரங்கமாக எழுதிய பிறகே விஷயம் வெளியே வந்தது. வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், பெற்றோரும் இடம்பெறும் குழு அவற்றைப் பார்வையிட வேண்டும் என்று தமிழக சர்க்கார் அப்போது அறிவித்தது. நல்லதுதான். ஆனால் பிள்ளைகளின் முகமும் குரலும் கொண்ட அந்தப் பதிவுகளை யார் பாதுகாப்பது?

கேள்வி வீணானதல்ல. மத்திய சர்க்காரின் 'தீக்ஷா' செயலியில் சேர்ந்த பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள், சுமார் ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்கள் காவலின்றித் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் அம்பலமாயிற்று. அதற்கு முன்பே, 2022-இல், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 49 நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்தது. பத்துக்கு ஒன்பது வீதம், பிள்ளைகளின் உரிமைக்குக் கேடு செய்பவை அல்லது செய்யக் கூடியவை என்று கண்டது. பிள்ளை கணக்குப் படிக்கிறது. கம்பெனி பிள்ளையைப் படிக்கிறது! குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்று 2023-இல் சட்டம் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. அதன் மேலும் கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம்.

வேறு வழி இல்லாமலா போயிற்று? 2020 ஜூன் முதல் தேதியிலேயே கேரளம் விக்டர்ஸ் டெலிவிஷனில் வகுப்பைத் தொடங்கியது. தமிழகத்தில் கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே வந்து விட்டது. டெலிவிஷன் பிள்ளையின் பெயரைக் கேட்பதில்லை, நம்பரைக் கேட்பதில்லை. சந்தேகம் தீர்க்க ஆள் வேண்டும் என்பது உண்மை. அதற்குத்தான் 2021 அக்டோபரில், நமக்கு அருகே மரக்காணம் முதலியார்குப்பத்தில், இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. (மாதம் ஆயிரம் ரூபாய்க்கு வாலிபர்களைப் பாடம் நடத்த வைத்தது பற்றி நமக்குத் தகராறு உண்டு, அது வேறு சமாசாரம்.)

கொரோனா போய் விட்டதே, இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கலாம். 2024 நவம்பரில் பெஞ்சல் புயல் புதுச்சேரியைப் புரட்டிப் போட்டபோது பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்த மழைக்கும் மூடப்படும். போனில் பாடம் அனுப்பும் பழக்கமோ நின்றபாடில்லை.

கொரோனா நாட்களில் முறையிட நம் கிராமங்களில் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக் காலம் 2011-இலேயே முடிந்து விட்டது. ஆகவே பள்ளியில்தான் கேட்க வேண்டும். வகுப்புக் குழுவில் ஆசிரியர் மட்டுமே எழுதும்படி செய்யுங்கள். பிள்ளைகளின் நம்பர்களை மறையுங்கள். கல்வித் துறையே கருவி கொடுத்து, ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ ஆசிரியை முன்னிலையில் அமர்ந்து படிக்க இடம் கொடுக்கட்டும். புகார் சொன்ன பெண்ணின் படிப்பு ஒரு நாளும் நிற்காது என்று எழுத்தில் கொடுக்கட்டும். குற்றம் தெரிந்தும் மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை என்று போக்சோ சட்டம் சொல்லுகிறது. அந்த வாசகத்தையும் 1098 என்ற நம்பரையும் பள்ளி வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். ஒரு டப்பா பெயிண்ட் போதும்.