'கே' என்ற சொல்லை யாரும் திருடவில்லை

'கே' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு புலம்பலும் கூடவே வந்துவிடும். மகிழ்ச்சி என்று பொருள் தந்த அழகான சொல்லாம். அதை ஓரினச் சேர்க்கையாளர்கள் பிடுங்கிக் கெடுத்துவிட்டார்களாம்! இப்படிச் சொல்பவர்கள் நல்ல அகராதி ஒன்றைத் திறந்து பார்த்தாலே போதும்.

பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. கலகலப்பு, பளிச்சென்ற நிறம், பகட்டான உடை எல்லாவற்றுக்கும் பயன்பட்டது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஒழுக்கம் கெட்ட உல்லாச வாழ்க்கை என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'கே' பெண் என்றால் பாலியல் தொழில் செய்பவர்! பெண் பித்தர்களுக்கு அந்தச் சொல் பொருந்தியபோது மொழி கெட்டுவிட்டதென்று யாராவது அழுதார்களா?

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர்கள் தங்களுக்குள் அதைக் குறிச்சொல்லாக வைத்திருந்தார்கள். 1934இல் 'தி கே டிவோர்சி' என்று ஹாலிவுட் படம் வந்தபோது ஊருக்கு அது வெறும் உல்லாசம்தான். 1969இல் நியூயார்க்கில் ஸ்டோன்வால் கலவரம் நடந்த பிறகு உருவான இயக்கம் தன் பெயரிலேயே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டது. காரணம் இருக்கிறது. 'ஹோமோசெக்சுவல்' என்பதை மருத்துவர்கள் நோயின் பெயராக்கி வைத்திருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முடிவெடுத்ததே 1973இல்தான். மற்றவை எல்லாம் வசைச் சொற்கள். நோயும் வசையும் வேண்டாம் என்றவர்கள் தங்களுக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். இதுவா திருட்டு?

சொற்கள் பொருள் மாறுவது தமிழனுக்குப் புதிதா என்ன? பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் மணம். இன்று பூக்கடையில் போய் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்! அதற்காக யாரும் கொடி பிடிக்கவில்லை. ஆக, இவர்களின் கோபம் சொல்லின் மீது அல்ல, மனிதர்கள் மீது.

உண்மையில் சொல்லைக் கெடுப்பவர்கள் வேறு. மெதுவாகப் பேசும் பையனையும், கிரிக்கெட் ஆடாதவனையும், பிடிக்காத சட்டையையும் 'கே' என்று சொல்லிச் சிரிக்கிறார்களே வகுப்பறையில், ஹாஸ்டலில், அவர்கள்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்க முடியாமல் பின் பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருக்கலாம்.

மகிழ்ச்சியைச் சொல்ல ஆங்கிலத்தில் ஹாப்பி, மெர்ரி, ஜாலி என்று எத்தனையோ இருக்கின்றன. அந்த ஹாப்பியும் முதலில் 'அதிர்ஷ்டமுள்ள' என்ற பொருளில் இருந்ததுதான். அதற்கும் சேர்த்துப் புலம்பலாமே?