தோண்டிய சாலையும் சொன்ன சொல்லும்

பெருநகரத்தில் வாழ்வோர்க்குப் பிரயாணமும் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது. மனையினின்றும் கல்லூரிக்கோ தொழிலகத்துக்கோ செல்லும் அவ்வழி, இக்காலத்துச் சென்னையில் நாளொரு தடுப்பும் பொழுதொரு மாற்றமுமாய் இருக்கின்றது. நேற்று நின்ற இடத்தில் இன்று பேருந்து நில்லாது; இன்று சென்ற தெரு நாளை ஒருவழிப் பாதையாகும். இவ்விடையூற்றைக் குறித்துப் பேசுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார், பின்வரும் நன்மையை எண்ணிச் சிறிது துன்பம் பொறுக்க வேண்டுமென்பர். மற்றொரு சாரார், இவ்வேலைகளே வேண்டா என்பர். இரண்டும் முழு உண்மையல்ல என்பதே நம் அபிப்பிராயம். பொறுமையைக் கேட்பவர் மெய்யான கால அளவையும் கூறக் கடமைப்பட்டவர். அளவு கூறாது கேட்கும் பொறுமை, எளியோர் மீது விதிக்கும் ஒரு வரியே யாகும்.

வேலைகள் வேண்டற்பாலன என்பதில் ஐயமில்லை. இந்நகரத்தில் 1895-ஆம் ஆண்டில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கிற்று. அது 1953-இல் நின்றுபோயிற்று. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ இரயில் தொடங்கியது. இவற்றுள் எதுவும் எவர்க்கும் இடையூறின்றி முளைத்ததன்று. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்திற்கு 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மத்திய அமைச்சரவை இசைவளித்தபோது, அதன் நீளம் 118.9 கிலோமீட்டர் எனவும், நிலையங்கள் 128 எனவும் கணக்கிடப்பட்டது. இத்துணைப் பெரிய வேலை நடக்குங்கால் மயிலாப்பூரிலும் ஆற்காடு சாலையிலும் புரசைவாக்கத்திலும் தகரத் தடுப்புகள் நிற்பது வியப்பன்று. வருங்காலத்து மாணவர் இவ்வண்டிகளிற் சுகமாய்ச் செல்வர் என எண்ணி நாம் மகிழலாம்.

நிற்க, நாம் குறை கூறுவது வேலையையன்று, சொல்லையே. ஓர் உதாரணம் காண்போம். கடற்கரை நிலையத்துக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காம் இருப்புப்பாதை அமைக்கும்பொருட்டு, கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் இரயில் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றார்கள். மீண்டும் வண்டி ஓடியது 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில். அதாவது பதினான்கு மாதங்கள் கழிந்த பின்னரே. சொன்ன காலம் ஒன்று, சென்ற காலம் இரு மடங்கு. ஏழு மாதமென நம்பிப் பழைய வழியையே பற்றியிருந்தவர் எத்தனை பேர்! பதினான்கு மாதமென முன்னரே அறிந்திருப்பின், ஒருவன் தன் வாடகை வீட்டை மாற்றியிருப்பான். ஒருத்தி பிள்ளையை வேறு பள்ளியிற் சேர்த்திருப்பாள். மெய் அறியாமையால் அவர்கள் மாதந்தோறும் அடுத்த மாதத்தை எதிர்நோக்கியே காலங் கழித்தனர்.

இச்சுமை யாவர்க்கும் ஒப்ப விழுவதுமன்று. மோட்டார் வாகனம் உடையவன் தெருவைச் சுற்றிச் செல்கிறான். அவனுக்கு நேர்வது காலவிரயம் மட்டுமே. ஐந்து ரூபாய்ச் சீட்டில் இரயிலேறிச் சென்ற கூலியாளோ, இரயில் நின்ற நாளில் ஷேர் ஆட்டோவுக்குப் பன்மடங்கு கொடுத்தல் வேண்டும். அன்றேல் வெயிலில் நடத்தல் வேண்டும். பிந்திச் சென்றால் அரைநாட் கூலி போகும். நடைபாதையும் தோண்டப்பட்டவிடத்து முதியோரும் கண்ணிழந்தோரும் வண்டிகளினூடே நடக்கின்றனர். இருண்ட சந்துகளின் வழியே திருப்பிவிடப்பட்ட பெண்களின் அச்சத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? 2022-ஆம் ஆண்டில் மழைநீர் வடிகாலுக்கென வெட்டிய பள்ளமொன்றில் ஓர் இளைஞர் வீழ்ந்து உயிர் துறந்ததை நகரம் மறந்திருக்காது. ஒரு தடுப்பும் ஒரு விளக்கும் செய்யத் தவறியதற்கு ஓர் உயிர் விலையாயிற்று.

ஆதலின், சாலையைத் தோண்டுவோரிடம் நாம் கேட்பன மூன்று. முதலாவது, வேலை தொடங்குமுன்னரே அதன் கால அளவை உள்ளவாறு தமிழில் எழுதி அவ்விடத்திலேயே நாட்டுதல். காலம் நீளுமாயின், நீளுவதையும் அதன் காரணத்தையும் அப்பலகையிலேயே திருத்தி எழுதுதல். இரண்டாவது, எத்துணைக் குறுகிய தெருவாயினும் நடப்போர்க்கு விளக்கோடு கூடிய ஒரு வழி விடுதல். மூன்றாவது, நிறுத்தத்தை மாற்றினால், பழைய நிறுத்தத்தில் புதிய நிறுத்தத்தைக் காட்டுதல். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பிறர் காலமும் காலமே என்னும் எண்ணம் ஒன்றே வேண்டும். பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவனார், காலமறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தாரன்றோ? மலைப்பிரசங்கம் நமக்கு இரண்டாம் மைலும் நடக்கக் கற்பிக்கின்றது. ஆயினும் முதல் மைலின் நீளத்தையேனும் நம்மை நடக்கச் சொல்பவர் மெய்யாகக் கூறுதல் தகும்.

இனி, நம் கல்லூரிக்கும் ஒரு சொல். விடுதியில் வசிக்கும் மாணவன் மணியோசை கேட்டு எழுந்து வகுப்பிற்கு வரலாம். வீட்டிலிருந்து வருவோன், விடியுமுன் எழுந்தும் முதற் பாடவேளைக்குப் பிந்துகிறான். இருவரையும் ஒரே கோலால் அளத்தல் நீதியாகாது. வழி மாறும் நாட்களில் முதல் மணியிற் பரீட்சை வையாதிருத்தலும், வருகைக் குறிப்பில் கால்மணி நேரம் இரங்குதலும் ஆசிரியர்க்கு அரிய காரியங்களல்ல. அஃதன்றியும், ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் மாணவர் தாம் கண்ட மாற்றங்களை அன்றன்று எழுதி ஒட்ட ஓர் அறிவிப்புப் பலகை வைக்கலாம்.

மாணவ நண்பர்களே, இச்சலுகையைக் கேட்கும் நாமும் மெய்யராயிருத்தல் வேண்டும். தோண்டாத சாலையைத் தோண்டியதாகச் சொல்லி வகுப்பிற்குப் பிந்துவோன், உண்மையாகவே அல்லற்படும் தன் தோழனின் சொல்லையும் செல்லாக் காசாக்குகிறான். நமக்குச் செல்லும் வழிகள் இரண்டினை அறிந்திருப்போம். அரைமணி முன்னதாகப் புறப்படுவோம். நெருக்கமுற்ற பேருந்தில் கைக்குழந்தையுடன் நிற்பவர்க்கு இடம் அளிப்போம். நம்முள் நாளை பொறியாளராகவும் அதிகாரிகளாகவும் ஆவோர் சிலர் உண்டு. அவர்கள் ஒரு சாலையைத் தோண்டக் கையொப்பமிடும் நாளில், பேருந்துக்குக் காத்து நின்ற இந்நாட்களை நினைப்பாராக. எத்தனை நாள் என்று கேட்கும் வழிப்போக்கனுக்கு உண்மையை உரைப்பாராக.