மாதிரிப் பரீட்சையும் மனத்திண்மையும்

பங்குனித் திங்களின் தொடக்கத்திலே ஒருநாள் மாலை, விடுதியின் கீழ்த்தளத்து அறையொன்றில் மாணவர் ஒருவரைக் கண்டோம். உணவுக்கு மணியடித்து நெடுநேரமாகியும் அவர் எழுந்திலர். கட்டிலின்மேல் பாடநூல் மூடிக் கிடந்தது; கைபேசி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அன்று பிற்பகல் மாதிரிப் பரீட்சையின் மதிப்பெண் பட்டியல், விடைத்தாள்கள் கைக்கு வருமுன்னரே, வகுப்பினர் அனைவருடைய கைபேசிகளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. 75-க்கு 17 என்று அவர் பெயருக்கு நேரே கண்டிருந்தது. "இனி என்ன ஐயா, முடிந்தது" என்றார். பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அன்று இன்னும் 24 நாட்கள் இருந்தன.

முடிந்தது யாது என்று யாம் அப்பொழுது அவரைக் கேட்கவில்லை. ஆயினும், நினைக்குந்தோறும் அவ்வொரு சொல்லே எம் உள்ளத்தில் வந்து நிற்கின்றது. இரண்டு நாட்களுக்கு முன்வரை அவர் படித்துக்கொண்டிருந்தார். பாடத்தில் ஒன்றும் குறைந்துவிடவில்லை, நாட்களும் குறைந்துவிடவில்லை. குறைந்தது ஒன்றே, அது தம்மைப் பற்றி அவர் கொண்டிருந்த துணிவு. அதைக் குறைத்ததோ ஈரிலக்க எண் ஒன்று.

இத்தகையோரைத் தேற்றுவார் பலர் உளர். "மாதிரிதானே, விட்டுத்தள்ளுங்கள்" என்பார் ஒரு சாரார். இஃது அன்பினால் கூறப்படுவதே. எனினும் விட்டுத்தள்ளுவதற்காகவா மூன்று மணி நேரம் அமர்ந்து எழுதினோம்? வேறு சிலர் கணித மேதை இராமானுஜனைத் துணைக்கு அழைப்பர். அவர் எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், 1907-இல் மீண்டும் எழுதியும் தேறவில்லை, பின்னர் 1918-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார் என்பர். அவையெல்லாம் மெய்யே. ஆயினும் 24 நாட்களில் ஒளியியல் தாள் எழுதவிருக்கும் ஒருவருக்கு அவ்வரலாற்றினால் விளையும் பயன் யாதென்று எமக்கு விளங்கவில்லை. நாமெல்லோரும் இராமானுஜன் அல்லோம். அவருக்கும் அத்தோல்விகள் உதவித்தொகையையும் சோற்றையும் இழப்பித்தனவேயன்றி நன்மை ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

எமது கருத்து வேறு. தளர்ந்த மனம் ஊன்றி எழுதற்குரிய கோல் பிறருடைய ஆறுதலில் இல்லை. தளர்ச்சியைத் தந்த அவ்விடைத்தாளிலேயே இருக்கின்றது. எண்ணைப் பார்த்தவர் பலர்; தாளைப் பார்த்தவர் சிலரே.

முதற்கண் அவ்வெண் எத்தன்மையது என்று நோக்குவோம். ஓர் அரையாண்டில் நடத்தப்பட்ட பாடம் முழுவதிலிருந்தும் இருபதுக்கு மேற்படாத வினாக்கள் பொறுக்கியெடுக்கப்படுகின்றன. பொறுக்கிய கை சிறிது வலப்புறம் சென்றிருப்பின் ஒருவர் மதிப்பெண் ஏறும். இடப்புறம் சென்றிருப்பின் மற்றொருவருடையது ஏறும். திருத்துவோர் கையும் அவ்வாறே. எட்ஜ்வொர்த் என்னும் பொருளாதார அறிஞர் 1888-இலேயே இங்கிலாந்தின் புள்ளியியல் கழக இதழில், பரீட்சை மதிப்பெண்ணுள் தற்செயலுக்கு உள்ள பங்கு எவ்வளவு என்று கணக்கிட முற்பட்டார். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்துப் பல உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பி, 1912-இல் முடிவை வெளியிட்டனர். அத்தாளுக்கு நூற்றுக்கு 64 இட்டவரும் இருந்தனர்; 98 இட்டவரும் இருந்தனர். விடைத்தாள் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட யாம் இதனை எழுதுவது எமக்கே சிறிது நாணமாகத்தான் இருக்கின்றது.

இதனால் மதிப்பெண் பொய் என்று கூறினோமல்லோம். 17 பெற்றவர் நல்லூழால் 60 பெறவேண்டியவர் என்று எண்ணிக்கொள்வது பேதைமை. குறை உள்ளது, அஃது எங்கே உள்ளது என்பதை அவ்வெண் சொல்லாது. அதனைத் தாளே சொல்லும். இதனை யாம் நூலில் கற்றிலோம், பட்டு அறிந்தோம்.

யாம் இளங்கலை இயற்பியல் பயின்ற காலத்து, ஒளியியல் மாதிரிப் பரீட்சையில் 75-க்கு 19 பெற்றோம். தேர்ச்சிக்கு வேண்டியது 30. இரண்டு நாள் அத்தாளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள், அறைத் தோழர் ஊருக்குச் சென்றிருந்தமையால் காண்பார் ஒருவருமின்மை கருதி, அதனை எடுத்து விரித்தோம். இழந்த 56 மதிப்பெண்களும் எவ்வெவ்விடத்தில் போயின என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துவந்தோம். பத்து மதிப்பெண் வினாக்கள் இரண்டினை யாம் தொடவேயில்லை, நேரம் போதவில்லை. அங்கே போயின 20. அவ்விரண்டில் ஒன்றை யாம் நன்கறிவோம். மற்றொன்றை அறிவோம் என்று எண்ணியிருந்தோம், அவ்வளவே. வேறோரிடத்தில், நேர்விளிம்பில் நிகழும் பிரெனல் விளிம்பு விளைவைப் பற்றிக் கேட்டிருக்க, யாம் ஒற்றைப் பிளவில் நிகழும் பிரானோபர் விளைவை நான்கு பக்கம் அழகுற எழுதியிருந்தோம். ஆசிரியர் குறுக்கே ஒரு கோடிழுத்து, ஓரத்தில் ஒரு வினாக்குறி மட்டும் இட்டிருந்தார். அங்கே 10. படம் வரையாமையாலும், வரைந்த படத்திற்குப் பெயர் குறியாமையாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாய் 8. எஞ்சிய 18 மதிப்பெண்களே யாம் மெய்யாகவே அறியாதவை. அவற்றுள் பெரும்பகுதி முனைவாக்கம் என்னும் ஒரே அதிகாரத்தைச் சார்ந்தது.

அத்துண்டுத் தாளைக் கண்டபொழுது எம் நெஞ்சில் நிகழ்ந்ததை இன்றும் மறந்திலோம். மகிழ்ச்சி என்று அதனைக் கூறவியலாது. 'இயற்பியல் எனக்கு வராது' என்று இரண்டு நாளாக எம்மை அழுத்திக்கொண்டிருந்த பெரும்பாரம், 'முனைவாக்கம் எனக்குத் தெரியாது. நேரம் பங்கிடத் தெரியாது. வினாவை இருமுறை படிப்பதில்லை' என்னும் மூன்று சிறு சுமைகளாகப் பிரிந்துவிட்டது. முன்னதைத் தூக்க ஒருவராலும் இயலாது. பின்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். ஏப்ரல் பரீட்சையில் யாம் பெற்றது 43. முதல் வகுப்பிற்குச் சற்றே குறைவு. இதனை வெற்றிக்கதை என்று எவரும் பாடமாட்டார். எமக்கு அது போதியதாயிருந்தது.

அத்தாளில் வேறொரு விடையும் இருந்தது. நியூட்டன் வளையங்களின் நடுப்புள்ளி எதிரொளித்த ஒளியில் ஒளியுடன் தோன்றும் என்று, ஐயம் சிறிதுமின்றி, அடிக்கோடும் இட்டு எழுதியிருந்தோம். அது கருமையாகத் தோன்றும் என்பதை இயற்பியல் பயின்றோர் அறிவர். அவ்வடிக்கோட்டின்மேல் விழுந்த சிவப்பு மையை நினைந்தால் இன்றும் செவி சுடுகின்றது. ஆயினும் அன்றுமுதல் அவ்வுண்மை எமக்கு மறந்ததேயில்லை. இஃது எமக்கு மட்டும் நேர்ந்ததோ என்று எண்ணியிருந்தோம். பட்டர்பீல்டு, மெட்காப் என்னும் உளவியலார் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஐயத்தோடு செய்த பிழையைவிட உறுதியோடு செய்த பிழையே, சரியான விடை காட்டப்பட்டபின், எளிதில் திருந்துகின்றது என்று கண்டனர். எனவே, நாணம் மிகத் தரும் பிழையே நன்கு பதியும் பாடமாகவும் ஆகக்கூடும்.

இன்னொன்றும் கூறுவோம். பரீட்சை என்பது கற்றதை அளக்கும் கோல் என்றே நாம் எண்ணி வருகின்றோம். அது கற்பிக்கும் கருவியும் ஆகும் என்பதை எண்ணுவதில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு சாரார் உரைநடைப் பகுதியொன்றை நான்கு தவணைகளில் மீண்டும் மீண்டும் படித்தனர். மற்றொரு சாரார் ஒரு தவணை மட்டும் படித்து, மூன்று தவணை நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்கள் கழித்துச் சோதித்தபொழுது படித்தவர் நூற்றுக்கு 83 பகுதியும், எழுதியவர் 71 பகுதியும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபொழுதோ படித்தவர்க்கு 40, எழுதியவர்க்கு 61. திரும்பத் திரும்பப் படித்தவர்தாம் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று முன்னதாக நம்பியிருந்தனர் என்பது வேடிக்கை! நம் விடுதியிலும், பரீட்சைக்கு முந்தைய இரவு மஞ்சள் மையால் பக்கம் முழுதும் கோடிட்டு, எல்லாம் தெரியும் என்று உறங்கச் செல்வார் எத்தனை பேர்! கார்னல், ஹேஸ், பியார்க் என்னும் மூவர் 2009-இல் இதற்கும் ஒருபடி மேற்சென்று, விடையை நினைவுகூர முயன்று தவறியவரும், உடனே சரியான விடையைக் கண்டுகொள்வாராயின், வாளா படித்தவரைவிட நன்கு கற்கின்றனர் என்று காட்டினர். ஆகவே குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவர் அம்மூன்று மணி நேரத்தையும் வீணாக்கிவிடவில்லை. தவறிய இடத்திற்கு மீண்டும் சென்று சரியான விடையைக் காண்பதுதான் எஞ்சியுள்ளது.

இங்கேதான் ஆசிரியர்களாகிய எம்மையும் எம் தோழர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளது. விடையைக் கண்டுகொள்வாராயின் என்றோம். கண்டுகொள்வது எங்ஙனம்? மாதிரிப் பரீட்சையைப் படிப்பு விடுமுறைக்கு முந்தைய நாளில் வைத்து, தாள்களைப் பல்கலைக்கழகப் பரீட்சை முடிந்தபின் கட்டவிழ்க்கும் வழக்கம் சில கல்லூரிகளில் இருந்துவருகின்றது. நோயாளி ஊர் திரும்பிய பின்னர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கும் இதற்கும் வேற்றுமை காண்கிலோம். தாளை மூன்று நாளில் திருத்த இயலாதெனின் வினாக்களைக் குறைப்பதே தக்கது. தாளுக்கு முன்னர் எண்ணை மட்டும் அனுப்புவதோ, அதனையும் பெயரோடு எல்லார்க்கும் அனுப்புவதோ, எமக்கு உடன்பாடன்று. அன்று மாலை அம்மாணவர் கண்டது தம் பிழைகளையன்று; அறுபது பேர் நடுவே தம் இடத்தை. மேலும், மாணவர் அஞ்சிப் படிக்கட்டும் என்று வேண்டுமென்றே கடினமான வினாத்தாள் அமைப்பாரும் உளர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அஞ்சியவர் படிப்பதில்லை, பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பர். இதில் எம்மொடு மாறுபடும் தோழர் ஒருவர் எமது துறையிலேயே உளர். அச்சத்தினால்தான் தாம் தேறியதாக அவர் கூறுவார். அவர் கூற்றையும் இங்குக் குறித்துவிட்டோம்.

தாளைப் புரட்டிப் பார்த்தபின், நேரமும் அன்று, வினா மயக்கமும் அன்று, பாடமே படிக்கப்படவில்லை என்று தெளிவாகும் மாணவரும் இருப்பர். அவர்க்குப் பொய்யுறுதி கூற யாம் விரும்பவில்லை. முழுப்பாடத்தையும் மூன்று வாரத்தில் உண்டுவிட முயல்வது செரியாது. எனினும் அவரிடத்தும் இப்பொழுது ஒரு பட்டியல் உண்டு. அதில் எளியது எது, அடுத்த பகுதிக்கு அடிப்படையாவது எது என்று ஆசிரியரிடம் கேட்டுத் தொடங்கலாம். ஒரு பகுதியை முடித்து, நூலை மூடி, அதே மாதிரித் தாளின் வினாவை நேரம் குறித்து மீண்டும் எழுதிப் பார்க்கட்டும். முன்பு வெற்றிடமாயிருந்த பக்கத்தில் இப்பொழுது ஆறு வரி இருக்குமாயின், அவ்வாறு வரிகளைப் போல் தைரியம் தருவது வேறில்லை. உறக்கத்தைக் குறைக்க வேண்டா என்பதை அன்னையர் எல்லாரும் கூறியிருப்பர். கற்றது நினைவில் நிலைப்பதற்கு உறக்கம் வேண்டும் என்பதை ஆராய்ச்சியும் ஒப்புக்கொள்கின்றது.

இம்மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருங்கால் இவ்வாண்டின் பரீட்சை முடிந்திருக்கும் என்பதை யாம் அறியாதோமல்லோம். ஆயினும் கார்த்திகையில் அடுத்தது ஒன்று வரும்.

நிற்க. அவ்விடுதி மாணவர் மூன்றாம் நாள் எம் அறைக்கு வந்தார். "தம்பி, தாளை வாங்கினீரா?" என்றோம். இல்லை என்று தலையசைத்தார். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். நின்றபடியே முதற்பக்கத்தைப் பார்த்தார், பின்னர் அமர்ந்தார். அரைமணி நேரம் கழித்து, "ஐயா, இந்த ஏழாம் வினாவில் எனக்கு ஏன் பாதி மதிப்பெண் குறைந்தது?" என்று கேட்டார். பார்த்தோம், தவறு அவருடையதன்று, கூட்டலில் யாம் 3 விட்டிருந்தோம். 17 என்பது 20 ஆயிற்று.

இதனை எழுதும் இன்று, வாங்கப்படாத தாள்கள் இன்னும் 11 அவ்வலமாரியில் உள்ளன. பெரும்பாலும் குறைந்த மதிப்பெண் பெற்றோருடையவையே. பரீட்சைக்கு 16 நாட்கள் இருக்கின்றன. துறையின் கதவு மாலை 5 மணிவரை திறந்திருக்கும்.